பஸ்ஸில் கேட்ட ‘தாத்தா’

வெள்ளவத்தையில் பஸ் ஏறிய சிங்களக் குழந்தையொன்று “தாத்தா! தாத்தா!” என்று தன் தகப்பனைத் தேடி அழுதது. என்னையறியாமல் திரும்பிவிட்டேன். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா; எங்கள் முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா.

அப்போது எனக்கு ஏழு வயசு. வாப்பா மௌத்தாகி, உம்மா, புருஷன் இறந்தால் வெளியே போகாமலிருக்கும் இத்தாவில் வீட்டோடு இருந்தா. “பிள்ளைகளாவது கொஞ்சம் வெளியில போகட்டும்” என்று மாமா எங்களையும் நுவரெலியா பயணத்தில் சேர்த்துக்கொண்டார். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு வேன், நாலு குடும்பம். வேன் நிறுத்துமிடமெல்லாம் மாமா தலை எண்ணுவார். கித்துல்கலைத் தேத்தண்ணிக் கடையில் மழை பிடித்துக்கொண்டதால் எண்ணவில்லை. பயணம் ஒத்துக்கொள்ளாமல் சத்தி எடுத்த தாத்தாவை முன் வேனுக்கு மாற்றியிருந்தார்கள். நானும் அவவோடு போய்விட்டதாகப் பின் வேனில் நினைத்துவிட்டார்கள்.

முகம் கழுவிவிட்டு வந்தால் இரண்டு வேனும் இல்லை. “தாத்தா!” என்று கத்தினேன். கடைக்காரி என் கையைப் பிடித்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஆம்பிளைகள் ஒவ்வொருவரிடமும் கூட்டிப்போய், “மேத தாத்தா?” இவரா உன் தகப்பன் என்று சிங்களத்தில் கேட்டாள். வாப்பா அங்கே இருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முகத்தையும் நிமிர்ந்து பார்த்தேன்.

வேன் திரும்பி வந்தது. தாத்தா நனைந்துகொண்டே ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டா. “அழவாணாம், தாத்தா வந்துட்டேன்.”

போன நோன்போடு அவவும் மௌத்து.

பஸ்ஸில் தகப்பன் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டார். அழுகை நின்றது. நான் மட்டும் இன்னும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.