காது நுனியில் ஒரு சொட்டு

நாய்க்கு ரத்தம் எடுப்பவர் டாக்டர். நாய் முறைப்பது என்னவோ பிடித்துக்கொண்டிருப்பவனை. தில்லை நகரில் ஒரு நாய் ஆஸ்பத்திரியில் அந்தப் பிடிக்கிற வேலைதான் எனக்கு. இதே வேலையில் கடிபட்ட அண்ணன் தம்பிகளுக்கு நான் சொல்வது புரியும்.

பட்டினி

ஸ்ரீரங்கத்திலிருந்து கோமளா மாமியும் அவர் தம்பி வரதனும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மாமி கையில் சீனு, வெள்ளைப் பொமரேனியன். வரதன் என்னைப் பார்த்து, "நாய் பிடிக்கிறவரே, டாக்டர் எங்கே?" என்றார். நாய் பிடிக்கிறவர் என்றால் கார்ப்பரேஷன் வண்டியில் வருகிறவர். என் பேர் சட்டையிலேயே எழுதியிருக்கிறது. அத்தனை பேர் முன்னால் அவர் சொன்னதை இன்றுவரை நான் மறக்கவில்லை.

டாக்டரம்மா சீனுவின் உதட்டைத் தூக்கினார். ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. எப்போதிலிருந்து சாப்பிடவில்லை என்று கேட்டார். மாமி சொன்னார்: "முந்தாநாள் ஏகாதசி, எங்களோட அவனும் உபவாசம் இருக்கான்னு சந்தோஷப்பட்டேன். நேத்து துவாதசி பாரணைச் சாப்பாட்டுக்கும் எழுந்துக்கலை. இப்போ மூத்திரம் டிகாக்ஷன் மாதிரின்னா போறது, டாக்டர்!"

தாய்மாமன் மடி

உண்ணிக் காய்ச்சல் என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். உண்ணி கடிக்கும்போது ஒரு கிருமி உள்ளே புகுந்து ரத்தத்தையே அழித்துவிடும். அதற்கு ஊசி உண்டு. ஆனால் கிருமியைக் கண்ணால் பார்க்காமல் போட அவருக்கு மனமில்லை. காலில் எடுத்த ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. சீனுவுக்குத் தலையே நிற்கவில்லை. "காது நுனியில் ஒரு சொட்டு எடுப்போம், அங்கே கிடைக்கலாம்" என்றார்.

மாமி அழுகையை நிறுத்திவிட்டு, "காது குத்தறதா? தாய்மாமன் மடியிலன்னா வெச்சுக்கணும்! வரதா, உட்காரு!" என்றார். வரதன் சீனுவை மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். நான் தலையைப் பிடித்தேன். ஊசி காதில் பட்டதோ இல்லையோ, சீனு வரதனின் வெள்ளை வேட்டியை டிகாக்ஷனால் நனைத்துவிட்டான். எனக்கு உள்ளுக்குள் அப்படியொரு குளிர்ச்சி! வரதன் வேட்டியைப் பார்த்துச் சொன்னார்: "தாய்மாமன்தான் சீர் செய்யணும்பா, எனக்கே செஞ்சுட்டான்!"

கத்திரிக்காய்

அக்காளும் தம்பியும் ஹாலில் காத்திருந்தார்கள். மைக்ராஸ்கோப்பில் குனிந்த டாக்டரம்மா நிமிரவே இல்லை. திடீரென்று, "மாட்டிக்கிட்டான்!" என்று கத்தி, என்னையும் பார்க்கச் சொன்னார். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான், எனக்கே தெரிந்தது! வட்ட வட்டமாக ரத்த அணுக்கள். ஒன்றுக்குள் மட்டும் ஊதா நிறத்தில் இரண்டு பிஞ்சுக் கத்திரிக்காய், காம்போடு காம்பு ஒட்டினாற்போல. உடம்பெல்லாம் புல்லரித்தது. "பாசிட்டிவ்! பாசிட்டிவ்!" என்று ஹாலுக்கு ஓடினேன். மாமி எழுந்து நின்று கேட்டார்: "பாசிட்டிவ்னா நான் அழணுமா சிரிக்கணுமா, அதைச் சொல்லுங்கோ முதல்ல!"

மறுபடி காது

ஊசி போட்டுச் சில நாள் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வந்தார்கள். சீனு மாமி கையில் சுருண்டு கிடந்தான். ஊசி வேலை செய்யவில்லையோ என்று எனக்குச் சந்தேகம். மெதுவாகக் காதைத் தொட்டேன். வெடுக்கென்று திரும்பி என் கட்டைவிரலைக் கவ்வினான் பாருங்கள்! ரத்தம் கொட்டியது, எனக்கு. அடுத்த ஊசியும் எனக்கே.

கண்ணாடியில் கிருமி இல்லை என்று டாக்டரம்மா பிறகுதான் சொன்னார். மாமி அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. என் விரலைப் பார்த்ததுமே கை கூப்பிவிட்டார்: "கடிச்சுட்டானா? பெருமாளே, கொழந்தைக்கு உடம்பு தேவலையாயிடுத்து!"

நாய் பிழைத்தால் பேர் டாக்டருக்கு, நன்றி பெருமாளுக்கு, பல் மட்டும் பிடித்தவனுக்கு.