விறகுக் கொட்டகை மேல் நாலரை லட்சம்

அன்று பக்கத்து வீட்டு அக்காவின் முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். அக்கா, என் அம்மா, என் அப்பா, கோயமுத்தூர்ப் பக்கம் உள்ள ஓர் இன்ஜினியரிங் கல்லூரிக்கு ஆள் சேர்ப்பவர், நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். அக்காவின் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்டில் இருந்தார். "நீங்களே பேசி முடிச்சுக்கங்க" என்று போனில் சொல்லிவிட்டார். இன்னொருத்தி, பேச்சே யாரைப் பற்றியதோ அந்தப் பெண், அக்காவின் மகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். கொழுந்து அதிகமாக வரும் மாதம் என்பதால் தேயிலை எஸ்டேட்டில் ஞாயிற்றுக்கிழமையும் பறிப்பு வைத்திருந்தார்கள். அவள் தற்காலிக ஆளாகப் பறிப்புக்குப் போயிருந்தாள்.

அக்கா பதினெட்டு வருடம் கொழுந்து பறித்துச் சேர்ந்த பி.எஃப். பணத்தில் எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்து, நான் படித்த அதே கல்லூரியில் மகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. அந்தப் பணம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். முதல் வருடத்துக்குச் சரியாக இருக்கும். மீதி மூன்று வருடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. என்னை வைத்து அக்கா ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்.

எஸ்டேட் குடியிருப்பு வரிசையான எங்கள் லைனில் முதலில் பி.இ. முடித்தவன் நான். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடத்தை முடித்தவனும் நான்தான். மெக்கானிக்கல் படித்தேன். கடைசி வருடம் கேம்பஸ் இன்டர்வியூவில் என்னையும் சேர்த்து நாற்பது பேரை ஒரு பம்ப் கம்பெனி எடுத்தது. கல்லூரி எங்களைப் படம் பிடித்துப் பெரிய பேனராக அடித்தது. கோட்டு ஒன்றுதான் இருந்தது. நாற்பது பேரும் அதையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றோம். ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் 'ஆண்டுக்கு 4.5 லட்சம்' என்று போட்டார்கள். வேலைக் கடிதத்தில் அந்தத் தொகை இருந்தது உண்மை. 'மூன்றாம் ஆண்டுக்குப் பின், திறமையைப் பொறுத்து' என்பதும் அதற்குப் பக்கத்தில் இருந்தது. பேனரில் அதற்கு இடம் போதவில்லை.

அந்தப் பேனர் குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சீசன் முழுவதும் தொங்கியது. எங்கள் எஸ்டேட்டிலிருந்து சந்தைக்குப் போன எல்லாரும் பார்த்தார்கள். அவிழ்க்கும்போது அப்பா இருநூறு ரூபாய் கொடுத்து அதை வாங்கி வந்து, பின்பக்கம் விறகுக் கொட்டகைக்கு மேலே போர்த்திவிட்டார். மழைக்கு நன்றாகத் தாங்குகிறது. என் முகம் சரியாக அக்கா வீட்டு ஜன்னல் பக்கம் வந்தது. அக்கா தினமும் அடுப்படியில் நின்று என்னையும் நாலரை லட்சத்தையும் பார்த்துக்கொண்டு சோறு வடித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆள் சேர்ப்பவர்தான் என்னை லீவு போட்டு வரச் சொன்னார். உள்ளே போகுமுன் படியில் நிறுத்தி மெதுவாகப் பேசினார்.

"தம்பி, நானும் மெக்கானிக்கல்தான். உங்களுக்கு ஆறு வருசம் சீனியர். ரெண்டு வருசம் லேத்துல நின்னு பார்த்தேன். இப்ப ஒரு அட்மிஷனுக்கு எட்டாயிரம். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், சும்மா உக்காருங்க போதும். இந்தப் புள்ள சேர்ந்தா உங்களுக்கு நாலாயிரம்."

நான் மாதாமாதம் வீட்டுக்கு அனுப்புவதும் நாலாயிரம்தான். அதனால் சும்மா உட்கார்ந்தேன். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"தம்பி பேட்ச்ல படிச்சவங்க எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றார் அவர்.

நான் மனதுக்குள் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். ஒருவன் பைக்காராவில் படகுக்கு வருகிறவர்களின் வண்டிகளுக்கு டோக்கன் கிழிக்கிறான். ஒருவன் ஊட்டி பெர்ன்ஹில்லில் ஒரு காட்டேஜில் ரூம் சாவி கொடுக்கிறான். மூன்று பேர் சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குப் படிக்கிறார்கள்; மூன்றாவது வருடமாகப் படிக்கிறார்கள். எங்கள் செட்டில் கையில் காசு வைத்திருப்பவன் டோக்கன் கிழிப்பவன்தான். சீசனில் டிப்ஸ் வரும். நல்லா இருக்காங்க என்பதைப் பொய் என்று சொல்ல முடியாது. யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

"அங்க பாருங்கம்மா, கண்ணு முன்னால சாட்சி" என்று அவர் ஜன்னல் வழியே கொட்டகையைக் காட்டினார். என் முகத்தில் மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் தினமும் பார்க்கறனுங்களே" என்றார் அக்கா. பிறகு அலமாரியிலிருந்து பி.எஃப். பணம் கேட்கும் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். "தம்பி, நீயே எழுதிக் குடு சாமி. நாளைக்கு ஆபீசுல குடுத்துப்போடறேன்."

லைனில் எல்லாருடைய படிவங்களையும் நான்தான் எழுதுவேன். ரேஷன் கார்டு, முதியோர் பென்சன், பள்ளிக்கூட ஸ்காலர்ஷிப். கல்லூரிப் படிப்பால் எங்கள் லைனுக்குக் கிடைத்த நேரடிப் பலன் அதுதான். பெயர் எழுதினேன். பணியாளர் எண் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'மகளின் உயர்கல்வி' என்று எழுதினேன். தொகை என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

"அக்கா, என்ற சம்பளம் நாலரை லட்சம் இல்லீங்க. கைக்கு வர்றது மாசம் ஒம்பதாயிரத்து எழுநூறு."

அப்பாதான் முதலில் கேட்டார்.

"அப்ப அந்த நாலரை லட்சம்?"

"அது பேனர்லப்பா."

"மீதியை பேங்க்குல போடறான்னு லைன் பூராச் சொல்லிட்டுத் திரியறேனேடா" என்றார் அம்மா. "நீ போடறதில்லையா?"

"இல்லம்மா."

"எவ்வளவுதான் போட்டிருக்கற?"

"எண்ணூறு."

ஆள் சேர்ப்பவர் சிரித்தார். "ட்ரெய்னிங் பீரியட்லயே சம்பளம் குடுக்கறாங்கன்னா பெரிய விஷயம்மா."

உண்மையைச் சொன்னால் அக்கா படிவத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுவார், எனக்கு நன்றி சொல்வார் என்று நினைத்திருந்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை வேறு மாதிரி இருந்தது.

"ஏந் தம்பி, நீ படிச்சு முடிச்சுப்போட்ட. அடுத்த ஊட்டுப் புள்ள படிக்கறதுன்னா உனக்கு ஒம்பதாயிரம் ஆயிருச்சா? போன தீபாவளிக்கு உங்கம்மாவுக்குப் பட்டுச்சேலை எடுத்தியே, அது எண்ணூறுலயா வந்துச்சு?"

"தவணையிலக்கா. இன்னும் ரெண்டு மாசம் பாக்கி இருக்குது."

அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். அந்தச் சேலையை அவர் அதன் பிறகு கட்டவில்லை. தவணை முடிந்த பிறகும் கட்டவில்லை.

நான் எங்கள் வீட்டுக்குப் போய்ச் சம்பளச் சீட்டை எடுத்து வந்து வைத்தேன். அக்காவுக்கு எண்கள் படிக்க வரும். படித்தார். பிடித்தம், கேன்டீன் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். ஆனாலும் நம்பினாரா என்று தெரியவில்லை. பேனரில் எழுத்து பெரிது. சீட்டில் சிறியது.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை வாசலில் அவிழ்த்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தவள், எல்லார் முகத்தையும் பார்த்தாள். அக்கா கையிலிருந்த சம்பளச் சீட்டை வாங்கி நின்றபடியே படித்தாள்.

"இது மாசத்துக்குங்களாண்ணா?"

"மாசத்துக்குத்தான் அம்மணி."

"இருபத்தாறு நாள் பறிப்புக்குப் பேர் போட்டா எனக்கு இதைவிட ஆயிரம் கூட வருங்களே."

"நீங்க மெக்கானிக்கல் இல்லம்மா, கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்றார் ஆள் சேர்ப்பவர். "அதுக்கு ரேட்டே வேற."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அப்படிங்களாண்ணா? அதுக்குச் சம்பளம் கூட வருமா?"

பதில் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. லைனில் எல்லாரும் என்னிடம் பதில் கேட்டே பழகியவர்கள். "எனக்குத் தெரியல அம்மணி. போன வருசம் வரைக்கும் வரும்னு சொன்னாங்க. இப்ப அதுலயும் நெறைய பேர் படிச்சுட்டாங்க" என்றேன்.

அவள் சீட்டை மடித்து என்னிடம் கொடுத்தாள். "தெரியாமப் படிக்கறதுன்னா நான் ஊட்டி கவர்மென்ட் காலேஜுலயே படிச்சுக்கறனுங்க. பி.காம். கெடைக்கும். பஸ் பாஸ் இருக்குது."

பி.காம். படித்து வெளியே வருகிறவர்களும் மலை முழுக்க இருக்கிறார்கள். அவளுக்கும் அது தெரியும். ஆனால் லட்சத்து நாற்பதாயிரம் கொடுத்து வேலையில்லாமல் இருப்பதற்கும் பஸ் பாஸில் போய் வேலையில்லாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த அறையில் எல்லாருக்கும் புரிந்தது. அக்காவுக்கும் புரிந்தது. படிவத்தை என் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டார். "ஒம்பதாயிரத்துக்கா இவனை நாலு வருசம் படிக்க வெச்சீங்க?" என்று அம்மாவைக் கேட்டார்.

ஆள் சேர்ப்பவர் டீயை முழுவதும் குடித்துவிட்டு எழுந்தார். "பரவாயில்லைங்கம்மா. ஆனா ஒரிஜினல் எல்லாம் காலேஜுல இருக்குது."

போன வாரமே இடத்தை உறுதி செய்ய வேண்டும் என்று சொல்லி மதிப்பெண் சான்றிதழையும் டி.சி.யையும் அவர் வாங்கிப் போயிருந்தார். அக்கா அதை எங்களிடம் சொல்லவில்லை. ஊட்டிக் கல்லூரியில் சேர்க்கைக்கு ஆறு நாள்தான் இருந்தது. அந்தத் தாள்கள் இல்லாமல் பஸ் பாஸ் இருந்தும் பயனில்லை.

அம்மாவும் அக்காவும் மறுநாள் வேலைக்குப் போகவில்லை. மூன்று பேரும் காலை பஸ்ஸில் மலை இறங்கினோம். வழி முழுக்க அக்கா என்னோடு பேசவில்லை. கல்லூரி வாசலில் புதுப் பேனர் கட்டியிருந்தார்கள். அதே நாற்பது பேர், அதே கோட்டு. என் முகத்துக்குக் கீழே 5.2 லட்சம் என்று இருந்தது. அக்கா நின்று படித்துவிட்டு, "சம்பளம் ஏறியிருக்குதாட்ட" என்றார். அவர் என்னிடம் மறுபடி பேச ஆரம்பித்தது அங்கேதான்.

ஆபீசில் இருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து கை கொடுத்தார். "நம்ம பையன்!" என்று பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினார். இடத்தை ரத்து செய்ய இருபத்தைந்தாயிரம் என்றார். பழைய மாணவன் கூட வந்திருப்பதால் ஏழாயிரம் குறைத்தார். நான் படித்த படிப்பு ஒரே நிமிடத்தில் சம்பாதித்த பெரிய தொகை அதுதான். மகளிர் குழுவில் அவசரமாக வாங்கி வந்த பணத்தை அக்கா எண்ணிக் கொடுத்தார். ரசீதில் 'கட்டட நிதிக்கு நன்கொடை' என்று எழுதித் தந்தார்கள். திருப்பிக் கொடுத்த இரண்டு தாள்களும் கசங்காமல் இருந்தன.

அந்தப் பெண் ஊட்டியில் சேர்ந்துவிட்டாள். ஆள் சேர்ப்பவர் ஒருமுறை போன் செய்து, இன்னும் இடம் காலியாக இருக்கிறது, மாணவர்களும் சேரலாம், ஆள் சேர்க்கும் வேலைக்கு என்னைப் போன்றவர்களும் சேரலாம் என்றார். அடுத்த லீவுக்கு நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா பேனரைத் திருப்பிப் போட்டிருந்தார். வெள்ளைப் பக்கம் மேலே இருந்தது. விறகு நனையவில்லை.

அன்று அக்கா பழைய படிவத்தை மறுபடி கொண்டு வந்தார். குழுப் பணத்தைத் திருப்ப வேண்டும். பெயர், எண், 'மகளின் உயர்கல்வி' எல்லாம் என் கையெழுத்தில் அப்படியே இருந்தன. எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. கல்லூரிக்குக் கொடுத்தது, மூன்று பேர் போய் வந்த பஸ் காசு, குழு வட்டி எல்லாவற்றையும் கூட்டினோம். இரண்டு பேருடைய ஒரு நாள் கூலியையும் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். "அது கெடக்குது, எழுது" என்றார் அக்கா. காலியாக இருந்த கட்டத்தில் எழுதினேன்: ரூபாய் பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரம்.