பொட்டு வைத்த டிபன் பாக்ஸ்

பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித் தருகிறவருக்கு மிஸ் என்று பெயர். டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து தருகிறவருக்கு ஆன்ட்டி என்று பெயர். மாநில எல்லையை ஒட்டிய மத்திகிரியில் ஒரு சின்ன நர்சரி பள்ளியில் நான் மூன்று வருஷம் ஆன்ட்டியாக இருந்தேன். செல்போன் அப்பாக்களின் சட்டைப் பையில் மட்டும் இருந்த காலம். பிள்ளைகளைப் பார்த்து அம்மாக்களும், அம்மாக்களைப் பார்த்து ஆட்டோக்காரர்களும் என்னை ஆன்ட்டி என்றே கூப்பிட்டார்கள். விடியற்காலையில் ஆசையாய்க் கட்டிக் கொடுத்த டப்பா சாயங்காலம் அதே கனத்தோடு திரும்பி வர, அடுப்படியில் நின்று அதை வெறித்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். நாமெல்லாம் ஒரே கட்சி.

ரிஜெக்ட் ஆகாத மூடி

யு.கே.ஜி. பையன் ஒருவனுடைய டப்பாவுக்குத் திருகு மூடி. புடவைத் தலைப்பால் பிடித்துத் திருகுவேன், தரையில் தட்டுவேன், கடைசியில் ஆயா ரத்னம்மாவிடம் கொண்டுபோவேன். ரத்னம்மா உள்ளூர்க்காரர். சிரிப்பு வந்தால் தெலுங்கு, கோபம் வந்தால் கன்னடம், எங்களுக்காகத் தமிழ். அந்த டப்பாவுக்கு எப்போதும் கன்னடம்தான் கிடைக்கும்.

ஒரு நாள் பையனைப் பள்ளியில் கொண்டுவிட அவன் அப்பாவே வந்தார். பம்ப் தயாரிக்கிற கம்பெனியில் அசெம்பிளி வேலை. கொஞ்சம் லூசாக மூடக்கூடாதா என்று கேட்டேன். மனிதர் தன் உள்ளங்கையை ஒரு தரம் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "லீக் ஆனா லைன்ல ரிஜெக்ட் பண்ணிருவாங்க மேடம். இந்தக் கைக்கு வீடு எது, கம்பெனி எதுன்னு தெரிய மாட்டேங்குது."

யார் வீட்டு ரொட்டி

எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பாக்களுக்கு ஒரே கம்பெனி. அந்தக் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு ஆளுக்கொரு டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். நீல மூடி, நாலு பக்கமும் க்ளிப். போன வருஷமும் இதையேதான் கொடுத்தார்களாம். அதை அப்பாக்கள் வேலைக்கு எடுத்துப் போக, இந்த வருஷத்து டப்பா பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. பூஜை லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று என் முன்னால் வரிசையாக நீல மூடிகள். பேர் எழுதி ஒட்டினால், வீட்டில் ஒரு தரம் கழுவியதும் போய்விடும்.

முதல் வாரமே குழப்பம். திருநெல்வேலிக்காரர் வீட்டுப் பையன், பக்கத்துப் பையனுடைய டப்பாவைத் திறந்து, ஈரத்துணியில் மெத்தென்று சுற்றி வைத்திருந்த ராகி ரொட்டி மொத்தத்தையும் தின்றுவிட்டான். ரொட்டிக்காரன் இவனுடைய புளியோதரையைச் சத்தமில்லாமல் முடித்திருந்தான். மறுநாள் திருநெல்வேலி அம்மா வாசலில் நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று பயந்தேன். "அந்த ரொட்டிதான் வேணும்னு ராத்திரி பூரா ஒரே அழுகை. அது யாரு வீடுன்னு சொல்லுங்க ஆன்ட்டி, போய்க் கத்துக்கிட்டு வாரேன்" என்றார்.

கயல் சாப்பிடவில்லை

எல்.கே.ஜி. கயல் நன்றாகச் சாப்பிடுகிற குழந்தை. லீவு முடிந்து வந்ததிலிருந்து ஒரு பருக்கை தொடவில்லை. திறக்கப் போனால் இரண்டு கையாலும் மூடியை அமுக்கிக்கொள்வாள். அடுத்த பிள்ளை கொடுக்கும் சப்பாத்தியை மட்டும் வாங்கித் தின்பாள். வெண்டைக்காய் பிடிக்கவில்லையோ, வயிற்றில் பூச்சியோ என்று நானும் ரத்னம்மாவும் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

அவள் அம்மா சுமதிக்கு ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் முதல் ஷிஃப்டு. விடியும் முன்பே கிளம்பிவிடுவாள். டப்பாக்களைக் கட்டுவது, அந்த நீல மூடிக் கம்பெனியில் வேலை செய்கிற அப்பா செல்வம். கல்யாணமாகித் திண்டுக்கல்லிலிருந்து வந்த சுமதிக்கு இந்த ஷிஃப்டு வேலைதான் முதல் வேலை. ஷிஃப்டு முடிந்து நேராகப் பள்ளிக்கு வருவாள், கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றவே மாட்டாள். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். தினமும் வாசலிலேயே டப்பாவைக் கையில் தூக்கிப் பார்த்து முகம் வாடிப் போவாள். ஒரு நாள் அந்த அட்டையின் கயிற்றைக் கையில் சுருட்டியபடி சொன்னாள்: "பிள்ளையப் பட்டினி போட்டுட்டு என்ன வேலைன்னு வீட்டுல எல்லாரும் கேக்குறாங்க. இந்த வாரம் பாக்குறேன் ஆன்ட்டி. இல்லைன்னா வேலைய விட்டுற வேண்டியதுதான்."

யாரோட டப்பா

மறுநாள் கயலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறாய் என்று கேட்காமல், இது யாருடைய டப்பா என்று கேட்டேன்.

"அப்பாது" என்றாள். "தொடக்கூடாது. தொட்டா அப்பாவுக்குக் கம்பெனியில சோறு இருக்காது."

வீட்டில் ஒரு வருஷமாக அந்த நீல மூடியைத் தொடப் போகும்போதெல்லாம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். இப்போது அதே மாதிரி இன்னொன்று அவளுக்கென்றே வந்திருக்கிறது என்று யாரும் விளக்கிச் சொல்லவில்லை. அப்பாவின் சோற்றைத் தப்பாகத் தன் பையில் வைத்துவிட்டார்கள் என்று நினைத்து, பசியோடு பத்திரமாகத் திருப்பிக் கொண்டுபோயிருக்கிறது அந்த நாலு வயசு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பாவிடம் அவருடைய டப்பா தனியாக இருக்கிறது என்றேன். நம்பவில்லை. என் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து மூடி நடுவில் ஒட்டினேன். "உங்கப்பா பொட்டு வைப்பாரா?" என்றேன். யோசித்து, இல்லை என்று தலையாட்டினாள். மெதுவாகக் கையை எடுத்தாள். அன்று தயிர் சாதம். கடைசிப் பருக்கை வரை வழித்துத் தின்றாள்.

சாயங்காலம் நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல சுமதி வாசலிலேயே நாலு க்ளிப்பையும் திறந்தாள். உள்ளே ஒரு கறிவேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தபடி, மகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "அப்போ நாளைக்கு நான் வேலைக்குப் போகலாங்களா ஆன்ட்டி?"

கழுவினால் பொட்டு போய்விடும் என்பதாலும், கயலுக்கு வைத்தால் எனக்கும் வேண்டும் என்று எல்லோரும் மூடியை நீட்டியதாலும், என் நெற்றிக்கு வைத்ததைவிட டிபன் பாக்ஸ்களுக்குப் பொட்டு வைத்ததுதான் அதிகம் என்பதே இந்தத் தொழிலில் நான் சம்பாதித்த அனுபவம்.