மூடக்கூடாத லேப்டாப்

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் கடையின் பாதியில் நான் ஜாக்கெட் தைக்கிறேன். மறுபாதியில் பியூலா அக்கா கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறார். என் பங்குப் பேச்சையும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

ராஜபாளையத்து மில்லில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவர். ஷிப்டு முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சோடு கம்ப்யூட்டர் வகுப்பில் போய் உட்காருவாராம். கிருஷ்ணன்கோவில் கல்லூரிப் பிள்ளைகள் ‘கேம் திக்கித் திக்கி ஓடுதுக்கா’ என்று வந்தால், ஸ்கிரீனைப் பார்க்கும் முன் லேப்டாப்பின் பக்கவாட்டில் காதை வைப்பார். சத்தத்தை வைத்தே மெஷின் பழுதைக் கண்டுபிடிக்கிற மில் பழக்கம்.

போன வருஷம், மாதாந்திர கரண்ட் நிறுத்தம் நடந்த ஒரு நாள், ஓய்வுபெற்ற ஏட்டு சமுத்திரம் ஆட்டோவில் வந்து இறங்கினார். திறந்த லேப்டாப்பைக் கொதிக்கிற குழம்புச் சட்டி மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“மூடிறாதம்மா! மூடுனா தோட்டம் போயிரும்.”

தோட்டம் என்றால் விளையாட்டில் இருக்கிற தோட்டம். அவர் மகள் கல்பனா நாலு வருஷமாக வளர்த்தது. போலீஸ் பயிற்சிக்குப் போகும்போது அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மறுநாள் காலை லீவில் வருகிறாள். பன்னிரண்டு நாளாக எத்தனை தடவை சேவ் கொடுத்தாலும், மூடித் திறந்தால் பழைய தேதிக்கே போய்விடுகிறதாம். கடைசி மூன்று நாள் ஆஃப் செய்யாமலேயே விவசாயம் பார்த்திருக்கிறார். இப்போது கரண்ட் இல்லை. பேட்டரி பதினொரு சதவீதம்.

“சேவ் கொடுத்தா என்ன வருது, ஏட்டையா?”

“இங்கிலீஷ்ல ஒரு பெட்டி வரும். ஓகேன்னு அமுக்கிருவேன்.”

“திருடன் இங்கிலீஷ்ல பேசுனாலும் ஓகேன்னு விட்டுருவீயளோ?”

அக்கா காதை வைத்தார். பிறகு லேப்டாப்பைச் சாய்த்துப் பார்த்தார். காற்று வெளியேறும் ஓட்டையெல்லாம் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம்.

“ஆயுத பூசைக்கு வச்சது” என்றார் ஏட்டையா.

“பொட்ட நெத்தியில வைக்கணும். மூக்குல வச்சா அது எப்பிடி மூச்சு விடும்?”

என் ஊசியை வாங்கிச் சுரண்டினார். செத்த நேரத்தில் ஸ்கிரீனில் தோட்டத்து மாடுகள் திக்காமல் நடந்தன. சேவ் மட்டும் ஆகவில்லை. ஏழு சதவீதம்.

பெட்டியில் வந்ததை அக்கா படித்தார். “எழுத முடியலைங்குது. சேவ் எங்க போகுது?”

“உள்ள இடமில்லைன்னு பிள்ள மெமரி கார்டுல போட்டு வச்சிருக்கா.”

“கார்டுக்கும் பொட்டு வச்சீயளா?”

ஏட்டையா சுவரைப் பார்த்தார். “உருவித்தான் வச்சேன். எல்லாத்துக்கும் வைக்கணும்ல?”

விளையாட்டு ஓடும்போது கார்டை உருவினால் அப்படியே நின்றுபோகலாம். உருவாமல் பார்க்கவும் முடியாது. நாலு சதவீதம்.

“உருவட்டுமா?”

அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

கார்டின் ஓரத்தில் அரிசி அளவில் ஒரு பூட்டு. கீழே தள்ளினால், இருப்பதைப் படிக்கலாம், புதிதாக எழுத முடியாது. பொட்டு வைத்த விரல் அதைத் தள்ளிவிட்டிருந்தது. அக்கா நகத்தால் மேலே ஏற்றி, செருகி, சேவ் கொடுத்தார். பெட்டி வரவில்லை. அடுத்த நொடி ஸ்கிரீன் கறுத்துவிட்டது.

“போச்சா?”

“தெரியல, ஏட்டையா.” சமாதானத்துக்குக்கூடப் பொய் சொல்ல மாட்டார் அக்கா.

அஞ்சு மணிக்குக் கரண்ட் வரும்வரை ஏட்டையா நாற்காலியை விட்டு எழவில்லை, நான் நீட்டிய டீயையும் தொடவில்லை. வந்ததும் போட்டோம். விளையாட்டு திறந்தது. ஏட்டையா ஸ்கிரீனில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தார்.

“பூசணி கெடக்கு. இன்னைக்குப் போட்ட வேலிகூட இருக்கும்மா!”

“அப்ப எந்திரிங்க. கடையை அடைக்கணும்.”

“செத்த இரும்மா. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன்.”