நாற்காலியை வாசலில் போட்ட அக்கா

எண்பதுகளின் தொடக்கத்தில் அடி அண்ணாமலையில் எங்கள் பால் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். மலையைச் சுற்றும் பாதையோரம் ஓர் ஓட்டு அறை, ஒரு மேசை, ஒரு நாற்காலி. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதற்காகவே அப்பா கழனிக்குச் சுற்றுவழியில் போவார்.

வேலூரில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. சங்கத்தை நடத்த ஆள் இல்லாவிட்டால் பால் வண்டி எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பாது. அப்படி விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

அதனால் பால் ஊற்றும் பெண்களை வாரத்துக்கு ஒருத்தியாக என் நாற்காலியில் உட்கார வைத்தேன். நான் எங்கள் பசுவின் பாலோடு வரிசையில் நின்றேன். முதல் வாரம் வந்தவள் எல்லாரையும் சிரிக்க வைத்தாள், வரிசைதான் நகரவில்லை. அடுத்தவள் பாலில் தண்ணீர் கலந்திருப்பதைக் காட்டும் பால்மானியைத் தொடவே பயந்தாள். மூன்றாவதாக வந்தது எங்கள் தெரு அக்கா. ஐந்தாவது வரை படித்தவள். கணக்கு தப்பாது. சண்டைக்கு வருகிறவளையும் சமாதானமாக அனுப்பி வைப்பாள். வேலூர் பேருந்து என் கண்ணில் தெரிந்தது.

ஆனால் அவள் மேசைக்கு வந்துவிட்டதால், அவள் வீட்டுப் பாலை மாமனார் கொண்டுவரத் தொடங்கினார். எங்கள் ஊரில் மாமனார் நிற்கும்போது மருமகள் உட்கார மாட்டாள். அவர் தலை தெரிந்ததும் அக்கா எழுந்துவிடுவாள். அவரோ பாலை ஊற்றிவிட்டு வாசலிலேயே நின்று ஊர்க்கதை பேசுவார். மேசை தாழ்வு. குனிந்து குனிந்து எழுதி அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"உக்காருக்கா, இது ஆபீசு" என்றேன்.

"உனக்கு இன்னாம்மா, கல்யாணம் ஆவாதவ. அவரு நிக்கறப்போ நான் எப்பிடி உக்கார்றது? வேற ஆளப் பாரு."

வேறு ஆள் இல்லை. வேலூருக்குப் போகவில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

மறுநாள் காலையில் மேசையின் கால்களுக்குக் கீழே செங்கல் அடுக்கியிருந்தது. நாற்காலி வாசலில் கிடந்தது. அக்கா குனியாமல், நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தாள். மாமனார் வந்ததும், "மாமா, நீங்க உக்காருங்க. நான் நின்னுக்கினே பாத்துக்கறேன்" என்றாள்.

அவர் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்.

"போச்சு, இனிமே பெரியவரு வூட்டுக்கே போவ மாட்டாரு" என்றாள் வரிசையில் ஒருத்தி.

அவ்வளவு பெருமையாக நான் உட்கார்ந்த நாற்காலி. அது இல்லாமலே வரிசை மளமளவென்று நகர்ந்தது. மறுவாரம் நான் பேருந்து ஏறினேன்.

விடுமுறையில் வந்தபோது அந்த நாற்காலியில் நிறைமாதப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பால்மானிக்குப் பயந்தவள் இப்போது அதைப் பாலில் மிதக்கவிட்டு அளவு சொல்ல, அக்கா எழுதினாள். மாமனார் கொண்டுவந்த பாலை அளந்ததும் அவள் வாய் மூடிக்கொண்டது.

"சொல்லு. எங்க மாமனாருன்னா இன்னா?"

"தண்ணி கொஞ்சம் ஜாஸ்திக்கா."

"மாமா, இத எடுத்துக்கினு போயிடுங்க" என்றாள் அக்கா, குரலை உயர்த்தாமல்.

பழக்க தோஷத்தில் நான் எங்கள் வீட்டுப் பால் செம்போடு நேராக மேசைக்குப் போனேன். அக்கா சிரித்தாள்.

"டீச்சரம்மா, வரிசையில வாங்க."

செம்பை எடுத்துக்கொண்டு கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றேன்.