நாற்பத்து மூன்றாவது இருக்கை

அரிதாக நடப்பது நமக்கே நடந்துவிட்டால், அது அரிது என்பதில் என்ன ஆறுதல்? யூயே-ஷியாவின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டதாகத் தோன்றுகிறது.

புடாய் கடற்கரையில் சிப்பி உடைப்பது அவள் பிழைப்பு. கடல் தெய்வமான மாத்சூ அம்மன் கோயிலின் யாத்திரை பஸ்ஸில் தலை எண்ணுவதும் அவள்தான். நாற்பத்து மூன்று இருக்கை. ஒரு தலை குறைந்தாலும் வண்டியை நகர விடமாட்டாள்.

இடது மேலிமையில் கடுகளவு கட்டி வந்தபோது எல்லாரும் கண்கட்டி என்றார்கள். அவித்த முட்டையைத் துணியில் சுற்றி ஒற்றடம் கொடுத்தாள். இரண்டு வருடம் அப்படியே போயிற்று. ஐம்பத்தெட்டாம் வயதில், தைனான் நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், டாக்டர் ஷே அது புற்று என்றார். கண்குழிக்குள் இறங்கிவிட்டது. கண்ணோடு இமை, தசை, கொழுப்பு எல்லாவற்றையும் எலும்புவரை எடுக்கவேண்டும். விட்டால் மூளைக்குப் போகும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார்.

"இந்த ஆபரேஷன் நாடு முழுக்க எத்தனை பேருக்கு நடக்குது, டாக்டர்?"

"சரியான கணக்கு என்கிட்ட இல்லம்மா. ஒரு வருஷத்து ஆளுங்களை ஒரே பஸ்ல ஏத்திடலாம். அவ்வளவு அபூர்வம்."

அவர் தேற்றத்தான் சொன்னார். அவளுக்கோ அந்தப் பஸ் கண்ணுக்குள் வந்து நின்றுவிட்டது. விரல் நீட்டி எண்ணிக்கொண்டே நடக்கிறாள். திரும்பும் ஒவ்வொரு முகத்திலும் ஒரு குழி. நாற்பத்திரண்டு. ஒரு இடம் காலி.

வீட்டில் கணவன் தியென்-ஃபூ மீன் கஞ்சியை முன்னால் வைத்தான்.

"ஒரு வாய் குடி, யூயே."

"ஒத்தக் கண்ணோட இருக்கிற என்னைப் பார்த்துக்கிட்டிருப்பியா?"

"ரெண்டு கண்ணும் இருந்தப்பவே நீ சரியா பார்க்கலை. பார்த்திருந்தா என்னைக் கட்டியிருப்பியா?"

சிரித்தாள். கரண்டியிலிருந்த கஞ்சி சிந்தியது. "சிரிக்க வைக்காதய்யா. பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்று அவன் சிந்திய கஞ்சியைத் துடைத்தான்.

ஆபரேஷனுக்கு அம்மனிடம் சம்மதம் கேட்க, வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போனார்கள். பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டையும் பூசாரி ஆ-கின் அவள் கையில் கொடுத்தார்.

"ஒண்ணு குப்புற, ஒண்ணு மல்லாக்க விழுந்தா அம்மன் சம்மதம். வரிசையா மூணு தரம் வரணும், யூயேக்கா. நடுவுல தவறினா அது கணக்கில்ல."

முதல் வீச்சு சம்மதம். இரண்டாவதும் சம்மதம். தியென்-ஃபூ பார்க்க முடியாமல் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். மூன்றாவதற்காக எடுத்த துண்டுகள் அவள் உள்ளங்கையில் வியர்வையில் வழுக்கின. ஊதுவத்திச் சாம்பல் உதிர்ந்தது. தவறினால் அம்மன் வேண்டாமென்றதாகிவிடும்; அவள் வீசவில்லை.

துண்டுகளைத் தட்டில் வைத்துக் கும்பிட்டாள்.

"வா, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடணும்."

"மூணாவது?" என்றான் அவன்.

அவள் முன்னால் நடந்துவிட்டாள்.

அவளைத் தைரியசாலி என்று நான் சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பியிலிருந்து அவள் விரல்களை நர்ஸ் ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டியிருந்தது. ஆபரேஷனுக்குப்பின் பதினோரு வருடம் உயிரோடு இருந்தாள். கட்டுத்துணி கட்டிய முகத்தோடு யாத்திரை பஸ்ஸில் தலை எண்ணினாள்.

"அம்மன்கிட்ட ஒண்ணு பாக்கி இருக்கே, அக்கா!" என்று புறப்படும்போதெல்லாம் ஆ-கின் மரத்துண்டுகளை நீட்டிச் சீண்டுவார்.

அவள் விரலை நீட்டி, முதல் இருக்கையிலிருந்து எண்ணத் தொடங்குவாள்.