ஒழுகியதில்லை என்று நான் சொன்னது

எழுதிப் பழகாத கை இது. என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. முன்னால் நடந்தது பின்னால் வரும், எழுத்து பிசகும், சில நாட்கள் அடியோடு மறந்தும் போயின. பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் எழும்பாது. அதனால்தான் எழுதுகிறேன்.

பம்பாய் தாராவியில் ஒரு ஏழு மாடிக் கட்டிடத்தில் இரண்டாம் மாடியில் எங்களுக்கு வீடு இருந்தது. குடிசையை இடித்துவிட்டு அதற்குப் பதிலாகக் கொடுத்த வீடு. சாவி கைக்கு வருமுன்பே என் வீட்டுக்காரர் இறந்துபோய்விட்டார். நானும் மகளும்தான் அதில் இருந்தோம். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷத்திலிருந்து செம்பூரிலும் விக்ரோலியிலும் சித்தாளாகக் கலவை சுமந்தவள். கொத்தனார் டீ குடிக்கப் போகிற நேரத்தில் கரண்டியை எடுத்துப் பூசிப் பார்த்து அந்த வேலையையும் கற்றுக்கொண்டேன். ஆனால் கடைசி வரை சித்தாள் கூலிதான்.

மகள் கட்டிடப் படிப்பில் டிப்ளமா முடித்து செம்பூரில் ஒரு ஆபீசில் சேர்ந்தாள். பழைய கட்டிடங்களைப் பரிசோதித்து, இது நிற்குமா, இடிக்க வேண்டுமா என்று எழுதிக் கொடுக்கிற ஆபீஸ். அவள் அங்கே கூடப் போய்க் குறிப்பெடுக்கிறவள் மட்டும். தன் பெயரில் கையெழுத்துப் போட வேண்டுமானால் இன்ஸ்பெக்டர் சான்றிதழ் வேண்டுமாம். அதற்கு ஒரு பரீட்சை எழுத வேண்டும். அது போதாதென்று, பெரிய இன்ஜினியரின் மேற்பார்வையில் பன்னிரண்டு கட்டிடங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதி, ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தை வாங்க வேண்டும். இரண்டு வருஷம் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. மாட்டுங்காவில் வகுப்பு. மற்ற நாட்களில் ரயிலில் நசுங்கி வந்து, நான் சப்பாத்தி போடும்போது சமையலறை வாசலில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பாள். எல்லாம் இங்கிலீஷ். நடுநடுவே நிறுத்தி எனக்குத் தமிழில் சொல்வாள். எனக்குப் புரிந்துவிட்டால் தனக்கும் புரிந்துவிட்டது என்று கணக்கு வைத்திருந்தாள்.

ஒரு சின்னச் சுத்தியல் வாங்கி வந்து வீட்டுச் சுவரையெல்லாம் தட்டினாள்.

"உள்ள கலவ கம்பியப் புடிச்சிக்கிட்டு இருந்தா கல்லத் தட்டுனாப்ல கேக்கும். விட்டுப் போச்சுன்னா பானையத் தட்டுனாப்ல பொத்துன்னு கேக்கும், பாத்துக்க" என்றாள்.

நானும் தட்டினேன். எந்த இடம் பொய், எந்த இடம் மெய் என்று அவளுக்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன்.

"பேசாம நீ பரீச்ச எழுதும்மா. நான் போயி கலவ சுமக்கேன்" என்று சிரித்தாள்.

இன்னொன்றும் அப்போது சொன்னாள். தட்டிப் பார்ப்பது பாதி வேலைதான். அங்கே குடியிருக்கிறவர்களைக் கேட்பது மீதி. எங்கே ஒழுகியது, எப்போது பூசினார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்னதை ரிப்போர்ட்டில் எழுத வேண்டுமாம்.

பரீட்சையில் பாஸாகிவிட்டாள். பதினொரு ரிப்போர்ட்டும் முடிந்திருந்தது. அப்போதுதான் எங்கள் கட்டிடத்தைப் பரிசோதிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது. கட்டிடத்துக் கமிட்டிக்காரர்கள் அவளுடைய ஆபீசையே பிடித்தார்கள். தான் அங்கேதான் குடியிருப்பதாக அவள் பெரிய இன்ஜினியரிடம் சொன்னாளாம். அதனால் என்ன, இதையே பன்னிரண்டாவதாக வைத்துக்கொள் என்றாராம்.

ஏழாம் மாடி நடையில், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே, ஒரு பீம் கெட்டுப் போயிருந்தது. இரண்டு மழைக்காலமாகத் தண்ணீர் இறங்கி, பூச்சு உதிர்ந்து, கம்பி சிவந்து வெளியே தெரிந்தது. மகள் காலையில் இறங்கினால் இருட்டித்தான் ஏறுவாள். மேல் மாடிக்கு அவள் போனதே இல்லை. நான் தினமும் துணி காயப் போட அந்த வழியாகத்தான் போவேன்.

அவள் ஆபீஸ் வேலையாகப் புனேக்குப் போயிருந்த வாரத்தில் கமிட்டி செக்ரட்டரி என் வீட்டுக்கு வந்தார். கூடவே ஏழாம் மாடியில் பர்ஸ் தைக்கிற பெண். என்ன கேட்கப் போகிறார்கள் என்று வாசலிலேயே தெரிந்துவிட்டது. கட்டிடம் ஆபத்து என்று எழுதிவிட்டால் வேறு வீடு கட்டித் தரும் வரை என்று சொல்லி எல்லோரையும் ட்ரான்சிட் கேம்புக்கு அனுப்புவார்கள். அப்படிப் போன ஒரு குடும்பத்தை எங்கள் எல்லோருக்கும் தெரியும். கைப்பிள்ளையோடு போனார்கள், அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது, இன்னும் கேம்பில்தான் இருக்கிறார்கள்.

"யக்கா, ஒங்க மவ பொய் எழுத மாட்டா. நல்ல பிள்ள. அதனால அவகிட்ட நாங்க கேக்கல" என்றார் செக்ரட்டரி. "ஒங்ககிட்டதான் கேக்கோம். அந்த பீமப் பூசிக் குடுங்க."

பர்ஸ் தைக்கிறவள், கேம்புக்குப் போனால் தன் தையல் மிஷினை எங்கே போடுவது என்று கேட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

பயந்துதான் சம்மதித்தேன். ஆனால் முழுதும் பயம் என்று சொன்னால் அது சரியில்லை. அதுவரை அந்தக் கட்டிடத்தில் என் கைவேலையைக் கேட்டு யாரும் என் வாசலுக்கு வந்ததில்லை. அதுவும் இருந்தது.

இரும்பு பிரஷ் போட்டுத் துருவைத் தேய்த்தேன். சிமெண்டுப் பால் அடித்தேன். செங்கல் சில்லைக் கலவையோடு சேர்த்து ஓட்டையில் இடித்து இடித்து இறுக்கினேன். மகளின் சுத்தியல் அவளோடு புனே போயிருந்தது. அம்மிக் குழவியால் தட்டிப் பார்த்தேன். பொத்தென்று கேட்ட இடத்தைக் கொத்தி எடுத்து மறுபடி அடைத்தேன். கல்லைத் தட்டிய மாதிரி கேட்கும் வரை விடவில்லை. ஈரச் சாக்கைக் கட்டி ஆறேழு நாள் தண்ணீர் காட்டினேன். தண்ணீரை எடுத்துக் கொடுத்தவள் பர்ஸ் தைக்கிறவள்தான். காய்ந்த பிறகு டீத்தூள் தண்ணீரும் அடுப்புக் கரியும் தடவிப் பழைய பூச்சின் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். எந்தச் சத்தம் கேட்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே என் மகள்தான்.

பரிசோதனை நாளில் பெரிய இன்ஜினியர் கீழேயே செக்ரட்டரியோடு உட்கார்ந்துவிட்டார். மகள் மாடி மாடியாகத் தட்டிக்கொண்டு போனாள். நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அந்த பீமை நாலைந்து இடத்தில் தட்டினாள். நன்றாகவே கேட்டது. இருந்தாலும் ஸ்டூலை விட்டு அவள் இறங்கவில்லை. தொட்டி மேலே இருக்கிறதே என்று யோசித்திருப்பாள். கீழே குனிந்து என்னைக் கேட்டாள்.

"யம்மா, நீதான் தெனமும் துணி காயப்போட வாரியே. இங்கன எப்பவாவது ஒழுகிருக்கா?"

பர்ஸ் தைக்கிறவள் தன் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றேன்.

மகள் எழுதிக்கொண்டாள். ரிப்போர்ட் போயிற்று, பெரிய இன்ஜினியர் கையெழுத்தும் விழுந்தது. சான்றிதழ் இன்னும் ஒரு மாதத்தில் தபாலில் வரும் என்று அன்றைக்குப் பால்கோவா வாங்கி வந்தாள்.

சான்றிதழுக்கு முன்னால் மழை வந்தது. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ காலையில் மேலே பெரிய சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தபோது பர்ஸ் தைக்கிறவள் தன் வாசலில் விழுந்து கிடந்தாள். பக்கத்தில் நான் அடைத்த அடைப்பு, ஒரே கட்டியாக, உடையாமல் கிடந்தது. அவளுடைய வலது தோள் நொறுங்கிவிட்டது. அந்தக் கை இன்றைக்கும் மார்புக்கு மேலே எழும்பாது. மிஷினை விற்றுவிட்டாள்.

அவளை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போன பிறகு மகள் அந்தக் கட்டியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒரு சாக்கு நூல் ஒட்டியிருந்தது. விரலால் அதை இழுத்தாள்.

"இது யாரும்மா பூசினது?"

அவள் என் கையைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் பூசிருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. கட்டிடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் கேம்புக்குப் போனார்கள். பர்ஸ் தைக்கிறவளின் முகத்தில் தினமும் முழிக்க என்னால் முடியவில்லை. நாங்கள் மட்டும் மாட்டுங்கா லேபர் கேம்ப் என்கிற பகுதியில் ஒரு அறை வாடகைக்கு எடுத்தோம். தன் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இவள் நல்ல பீம் என்று எழுதினாள் என ஆபீசில் முடிவு கட்டிவிட்டார்கள். அவள் அங்கே குடியிருப்பதையே தன்னிடம் சொல்லவில்லை என்கிறார் பெரிய இன்ஜினியர். பன்னிரண்டு ரிப்போர்ட்டையும் நிறுத்தி வைத்து விசாரிக்கிறார்களாம். இப்போது அவளுக்குச் சைட் வேலை கிடையாது. மற்றவர்கள் எழுதியதைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கிறாள்.

நானே போய்ச் சொல்கிறேன் என்று ஒரு நாள் சொன்னேன்.

"நீ சொன்னா போலீஸ் ஒன்னயும் கூப்புடும், கையொடிஞ்சு கெடக்காளே அந்த அக்காவயும் கூப்புடும். தண்ணி எடுத்துக் குடுத்தது அவதான?" என்றாள். நான் அதை அவளிடம் சொன்னதே இல்லை. "விடும்மா."

நான் விடவில்லை. இதை அவளுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். இந்தக் காகிதம் கண்ணில் பட்டாலும் மளிகைக் கணக்கு என்று நினைத்துக்கொள்வாள்.

நான் எழுதியதில் தப்பு இருக்கும். தண்ணீர் காட்டியது ஆறு நாளா ஏழு நாளா, மழை தொடங்கி எத்தனையாம் நாள் விழுந்தது என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. செக்ரட்டரியைக் கேட்டால் தெரியும், அவர் உண்மையைச் சொன்னால். அதைவிட முக்கியமாக ஒன்று பார்க்க வேண்டும். அந்தப் பன்னிரண்டாவது ரிப்போர்ட் ஆபீசில் இருக்கிறது. ஏழாம் மாடி பீமைப் பற்றி அதில் இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது? ஒழுகியதில்லை என்று அவளே பார்த்து எழுதியதாக இருக்கிறதா, இல்லை, குடியிருக்கிற ஒரு பெண் அப்படிச் சொன்னாள் என்று இருக்கிறதா? இரண்டாவதாக இருந்தால் அந்தப் பெண் நான்தான். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த யாராவது அந்த ஒரு வரியைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்.